சிறிய கடை, இரண்டு இருக்கை: ஒசாகாவின் எளிய உணவு மரபு

ஜப்பானின் மேற்குப் பகுதியில், யோதோ ஆறு கடலைச் சேரும் கழிமுகத்தில் அமைந்திருக்கும் ஒசாகா, அந்நாட்டுக்குப் பயணம் செல்லும் தம்பதியரின் திட்டத்தில் பெரும்பாலும் சாப்பாட்டுக்காகவே இடம்பெறும் நகரம். டோக்கியோவில் அருங்காட்சியகங்களும் கியோட்டோவில் கோயில்களும் பகல்பொழுதை எடுத்துக்கொள்ள, ஒசாகாவில் பொழுது கடைவீதிகளில் கழிகிறது. இந்நகரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த உணவுகளில் பெரும்பாலானவை விருந்து மண்டபங்களில் பிறந்தவை அல்ல. பத்துப் பேர் அமர்ந்தால் நிறைந்துவிடும் சிறு கடைகளிலும், தொழிலாளர் குடியிருப்புகளை ஒட்டிய மலிவுச் சாப்பாட்டுக் கூடங்களிலும், நாடகக் கொட்டகைகளைச் சுற்றிய தெருக்களிலும் உருவானவை.

இக்கடைகளுக்குள் முதன்முறையாக நுழையும் வெளிநாட்டவருக்குப் பல வழக்கங்கள் புதிராகத் தோன்றும். சில கடைகளில் உட்காருவதற்கு முன்பே எந்திரத்தில் பணம் செலுத்திச் சீட்டு வாங்க வேண்டியிருக்கிறது. சிலவற்றில் ஒரே ஓர் உணவைத் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. வேறு சிலவற்றில் யாரும் கேட்காத ஒரு சிறு கிண்ணம் மேசைக்கு வந்து கணக்கிலும் ஏறிவிடுகிறது. தனித்தனியே பார்க்கும்போது விசித்திரமாகப் படும் இவ்வழக்கங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தால், அவற்றின் பின்னால் ஒரே கணக்கு இருப்பது புலப்படும். சமைக்கும் பொருளின் தரத்தில் கை வைக்காமல் விலையை அடக்க வேண்டுமானால், வேறு எதையாவது சுருக்கித்தான் ஆகவேண்டும். ஒசாகாவின் சிறு கடைகள் இடத்தையும், உணவு வகைகளையும், பணியாட்களையும், உண்ணும் நேரத்தையும் சுருக்கிக்கொண்டன. இருவராகச் செல்வோர் இந்தச் சுருக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிறார்கள். நால்வருக்கு இடமில்லாத கடையிலும் இரண்டு இருக்கை பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒரு தட்டை இருவர் பகிர்ந்துகொண்டால் வயிறு நிறைவதற்குள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடவும் முடியும்.

வணிகர்கள் வளர்த்த நகரம்

ஒசாகாவின் உணவு மரபுக்கு அடித்தளம் இட்டது அதன் வணிக வரலாறு. 1583இல் டொயோட்டோமி ஹிதேயோஷி என்ற ஆட்சியாளர் இங்கே பெருங்கோட்டை ஒன்றைக் கட்டத் தொடங்கி, வணிகர்களைக் குடியேற்றினார். அடுத்து வந்த எதோ காலத்தில், அதாவது டொகுகாவா குடும்பத்தினர் ஆண்ட 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், அரசியல் தலைமை எதோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, நகர்ந்துவிட்ட போதிலும், நாட்டின் நெல் வணிகம் ஒசாகாவிலேயே நிலைத்தது. குறுநில மன்னர்கள் வரியாகப் பெற்ற அரிசியை விற்றுப் பணமாக்குவதற்காக, ஆற்றின் நடுவே உள்ள நாகானோஷிமா தீவிலும் அதைச் சுற்றியும் கிடங்குகளை வைத்திருந்தனர். 1730இல் டொகுகாவா ஆட்சியின் முறையான ஒப்புதலைப் பெற்ற டோஜிமா அரிசிச் சந்தையில், கைக்கு இன்னும் வந்துசேராத அரிசிக்கும் முன்கூட்டியே விலை பேசிக் கொள்முதல் நடந்தது; உலகின் முதல் முறைப்படுத்தப்பட்ட முன்பேர வணிகச் சந்தை இதுவே என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர்.

அரிசி வந்த வழியில் மற்றப் பண்டங்களும் வந்தன. வடகோடியில் உள்ள ஹொக்கைதோ தீவிலிருந்து ஜப்பான் கடல் வழியாக இறங்கி, உள்நாட்டுக் கடலைக் கடந்து வந்த சரக்குக் கப்பல்கள், உலர்த்திய கொம்பு என்னும் கடற்பாசியை ஒசாகாவில் இறக்கின. இக்கடற்பாசியை நீரில் ஊறவைத்தோ மெல்லச் சூடாக்கியோ எடுக்கும் சாறும், கட்சுவோபுஷி என்னும் உலர்மீனைச் சீவிப் போட்டு எடுக்கும் சாறும் சேர்ந்ததே டாஷி எனப்படும் அடிச்சாறு. கட்சுவோபுஷி என்பது சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டைபோல் இறுகும்வரை உலர்த்தியது. தென் தமிழகக் கடற்கரையிலும் இலங்கையிலும் மாசி என்ற பெயரில் விற்கப்படும் பண்டத்துக்கு நெருங்கிய உறவினர் என்று அதைச் சொல்லலாம். 1908இல் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் இகேடா கிகுனாயே, கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமிக் அமிலம் என்று கண்டறிந்து, இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகியவற்றில் அடங்காத அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார்.

வேதியியல் பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே ஒசாகாவின் சாதாரணக் கடைகள் அதை நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டிருந்தன. உடோன் என்னும் தடித்த கோதுமை நூடுல்ஸ் மிதக்கும் சாறு, கிழக்கு ஜப்பானில் சோயாச் சாற்றின் கருமை மேலோங்கியதாக இருக்க, ஒசாகாவில் கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்கு வெளிறியதாகவும், டாஷியின் சுவை முன்னிற்பதாகவும் அமைந்திருக்கும். 1893இல் தொடங்கப்பட்ட உசாமிதேய் மாட்சுபாயா என்ற கடை, இனிப்பும் உப்புமாகச் சமைத்த பொரித்த டோஃபுத் துண்டை இதன்மேல் வைத்துக் கொடுக்கும் கிட்சுனே உடோனின் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது. விலை மலிவான இக்கிண்ணம், மதிய உணவுக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிந்த வணிக நகரத்துக்கு உரிய உணவாக அமைந்தது.

நகரின் தெற்கே 1615இல் வெட்டி முடிக்கப்பட்ட டோட்டோன்போரி கால்வாயின் கரையில் நாடக அரங்குகள் பெருகின. ஜப்பானியப் பொம்மலாட்டத்தின் புகழ்பெற்ற அரங்கான டாகெமோட்டோசா 1684இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. நாள்முழுதும் நீளும் நாடகங்களைக் காண வந்தவர்களுக்கு இடைவேளைகளில் உணவளிக்கக் கடைகள் தோன்றின. அரங்குகள் பெரும்பாலும் மறைந்துவிட்ட இன்றும் அக்கரை உணவு வீதியாகவே தொடர்கிறது. கால்களை அசைக்கும் ராட்சத நண்டு, கைகளை உயர்த்தி ஓடும் வீரனின் ஒளிப்பலகை எனக் கண்ணைப் பறிக்கும் விளம்பரங்கள், கூட்டத்தைத் தம் பக்கம் இழுக்க முனைந்த பழைய அரங்குகளின் போட்டி மனப்பான்மைக்கு வாரிசாக நிற்கின்றன.

வாசலில் தெரியும் செய்திகள்

மொழி தெரியாத இருவர் ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு வேண்டிய செய்திகளில் பாதி அதன் வாசலிலேயே கிடைத்துவிடும். கதவுக்கு மேலே தொங்கும் நோரென் என்னும் பிளவுபட்ட துணித் திரை வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்றும், உள்ளே எடுத்து வைக்கப்பட்டிருந்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது என்றும் பொருள். கண்ணாடிப் பேழைக்குள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும் உணவு மாதிரிகள், அளவு, பொருள், விலை ஆகிய மூன்றையும் ஒருங்கே காட்டுகின்றன. கிஃபு மாநிலத்தின் குஜோ ஹச்சிமான் ஊரைச் சேர்ந்த இவாசாகி டாகிசோ என்பவர், மெழுகில் உணவு மாதிரிகள் செய்யும் தொழிலை 1932இல் ஒசாகாவில் நிறுவிய பிறகு, இவ்வழக்கம் நாடெங்கும் பரவியது. இன்று பிளாஸ்டிக் வகைப் பொருள்களில் செய்யப்படும் இம்மாதிரிகளை, சமையல் கருவிகளுக்கென்றே அமைந்த டோகுயாசுஜி கடைத்தெருவில் பயணிகளும் வாங்கிச் செல்கின்றனர்.

நூடுல்ஸ் கடைகளிலும், சோற்றின்மேல் மாட்டிறைச்சியை வைத்துக் கொடுக்கும் கடைகளிலும் வாசலருகே உணவுச் சீட்டு எந்திரம் நிற்கும். பணத்தை இட்டு, வேண்டிய உணவுக்கான பொத்தானை அழுத்திப் பெறும் சீட்டைச் சமையல்காரரிடம் நீட்டினால் போதும். இதனால் கணக்குப் பார்க்கவும் சில்லறை கொடுக்கவும் தனி ஆள் தேவையில்லை. சமைக்கும் கை பணத்தைத் தொடுவதுமில்லை. சாப்பிட்டு முடித்தவர் உடனே எழுந்துவிடுவதால் இருக்கையும் விரைவில் காலியாகிறது. ஏறத்தாழ 500 யென்னுக்கு வயிறு நிறையும் ஒரு கிண்ணச் சோறு கிடைப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

இருக்கைகள் பெரும்பாலும் அடுப்பை நோக்கிய நீண்ட கவுன்ட்டரில் அமைந்திருக்கும். எதிரெதிரே அமரும் மேசைக்குப் பதிலாக, தம்பதியர் அருகருகே அமர்ந்து சமையலைப் பார்த்தபடி உண்கிறார்கள். உணவைத் தூக்கிச் செல்லும் பரிசாரகர் இல்லாததால் அது அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வருகிறது. அயலார் என்ன உண்கிறார் என்பது கண்ணெதிரே தெரிவதால், அதைச் சுட்டிக்காட்டியே தமக்கு வேண்டியதைக் கேட்டுவிட முடிகிறது.

கோதுமை மாவும் இரும்புத் தட்டும்

ஒசாகாவாசிகள் கொனாமோன் என்று அழைக்கும் மாவுப் பண்டங்களில் பயணிகள் முதலில் சந்திப்பது டகோயாகி. அரைக்கோளக் குழிகள் நெருக்கமாக அமைந்த வார்ப்பிரும்புத் தட்டில், டாஷி கலந்து நீர்க்கக் கரைத்த கோதுமை மாவை ஊற்றி, ஆக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், செந்நிற இஞ்சி ஊறுகாய், பொரித்த மாவுத் துகள்கள் ஆகியவற்றை இட்டு, கூரிய ஊசியால் புரட்டிப் புரட்டி உருண்டையாக்குகிறார்கள். குழிக்கு வெளியே வழிந்த மாவையும் உள்ளே மடித்துத் தள்ளுவதால் உருண்டை முழுமை பெறுகிறது. மேற்புறம் மெல்லிய தோலாக இறுகியிருக்க, உள்ளே கூழ்ப்பதம் மாறாமல் இருப்பதே நல்ல டகோயாகியின் அடையாளம். ஆறப் பொறுக்காமல் வாயில் போட்டவர் நாக்கைச் சுட்டுக்கொள்வதும் அதனால்தான். 1930களில் ஐசுயா என்ற கடையின் உரிமையாளர் எண்டோ டோமெகிச்சி, மாட்டுத் தசைநார் இட்டுச் செய்துவந்த உருண்டையில், அருகிலுள்ள அகாஷி ஊரின் வழக்கத்தைப் பின்பற்றி ஆக்டோபஸை இட்டதிலிருந்து இன்றைய வடிவம் தொடங்கியதாகக் கொள்ளப்படுகிறது. அகாஷியின் பண்டமோ முட்டை மிகுந்து மிருதுவாக இருக்கும். அதன்மேல் சாஸ் தடவாமல் சூடான டாஷியில் நனைத்து உண்பார்கள்.

படகு வடிவத் தட்டில் ஆறு அல்லது எட்டு உருண்டைகள் வைத்துத் தரப்படுவதால், டகோயாகி இருவர் பகிர்வதற்கு ஏற்ற அளவில் அமைந்துவிடுகிறது. கூட்டத்தில் நடந்துகொண்டே உண்பதைவிட, கடையின் ஓரத்தில் நின்று உண்டு முடித்து, தட்டையும் குச்சியையும் அதே கடையின் குப்பைத் தொட்டியில் இடுவதே நல்ல வழக்கம். ஜப்பானிய வீதிகளில் பொதுக் குப்பைத் தொட்டிகள் அரிது.

ஒகோனோமியாகி அளவில் பெரியது, உட்கார்ந்து உண்பது. பொடியாக நறுக்கிய முட்டைக்கோசு, முட்டை, துருவிய மலைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைக் கோதுமை மாவில் கலந்து, டெப்பான் எனப்படும் தட்டையான இரும்புப் பரப்பில் தடிமனாக வார்த்து, மேலே பன்றி இறைச்சித் துண்டுகளை அடுக்கித் திருப்பிப் போடுவது ஒசாகா முறை. எல்லாவற்றையும் கலக்காமல் மெல்லிய மாவுப் படலத்தின்மேல் முட்டைக்கோசையும் நூடுல்ஸையும் அடுக்கடுக்காக வைப்பது ஹிரோஷிமா முறை. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே, மாவுப் படலத்தில் வெங்காயத்தாள் தூவி, ஆங்கிலேயர் வழியாக அறிமுகமான வூஸ்டர் சாஸ் தடவி, ஒரு சென் காசுக்குச் சிறுவர்களுக்கு விற்ற தின்பண்டம் இதன் முன்னோடிகளுள் ஒன்று. போருக்குப் பின் அரிசித் தட்டுப்பாடு நிலவியபோது, அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை இதைப் பசியாற்றும் உணவாக மாற்றியது.

சில கடைகளில் மேசையிலேயே இரும்புப் பரப்பு பதிக்கப்பட்டிருக்கும். அங்கே கலந்த மாவைக் கிண்ணத்தில் கொடுத்துவிட்டுச் சமைக்கும் பொறுப்பை வாடிக்கையாளரிடமே விட்டுவிடுவதும் உண்டு. புதியவர்கள் செய்யும் தவறு, வேகும்போது கரண்டியால் அழுத்துவது. அழுத்தினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி அடை இறுகிவிடும். வெந்தபின் கொட்டே எனப்படும் சிறு தகட்டுக் கரண்டியால் வெட்டி, இரும்பின் மேலிருந்தே எடுத்து உண்பது ஊர் வழக்கம். தட்டில் ஆறிப்போகாமல் கடைசித் துண்டுவரை சூடு நிலைப்பதற்கு அது உதவுகிறது. ஒகோனோமியாகியுடன் சோறும் மிசோ சூப்பும் சேர்த்து ஒரு முழுச் சாப்பாடாக உண்ணும் பழக்கம் ஒசாகாவில் இருப்பதைக் கண்டு பிற ஊர் ஜப்பானியரே வியப்பதுண்டு.

ஷின்செகாயின் பொதுக் கிண்ணம்

1903இல் ஒசாகாவில் நடந்த ஐந்தாவது தேசியத் தொழிற்பொருட்காட்சியின் திடலில் ஒரு பகுதி, 1912இல் ஷின்செகாய் என்ற பொழுதுபோக்குப் பகுதியாக உருப்பெற்றது. பாரிஸ் நகரின் ஈஃபில் கோபுரத்தை நினைவூட்டும் வகையில் அங்கே எழுப்பப்பட்ட ட்சூதென்காகு கோபுரம் போர்க்காலத்தில் பிரிக்கப்பட்டு, 1956இல் மீண்டும் கட்டப்பட்டது. கூலித் தொழிலாளர் மிகுந்திருந்த இப்பகுதியில் 1929இல் தொடங்கப்பட்ட டாருமா என்ற கடையுடன் சேர்த்துப் பேசப்படும் உணவு குஷிகாட்சு: இறைச்சி, மீன், காய்கறி ஆகியவற்றின் சிறு துண்டுகளை மூங்கில் குச்சியில் செருகி, கரைத்த மாவில் தோய்த்து, மெல்லிய ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. துண்டு சிறியது என்பதால் விலை குறைவு, விரைவில் வெந்துவிடும், ஒரு கையாலேயே உண்டுவிடலாம்.

பொரித்த குச்சியைத் தோய்ப்பதற்கான நீர்த்த சாஸ், ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரப்படாமல், கவுன்ட்டரில் எல்லோருக்கும் பொதுவான எவர்சில்வர்ப் பாத்திரத்தில் வைக்கப்பட்டிருந்தது. கடித்த குச்சியை மறுபடி தோய்க்கக் கூடாது என்ற கண்டிப்பான விதி இதிலிருந்து பிறந்தது. சாஸ் போதவில்லையென்றால், இலவசமாகத் தரப்படும் முட்டைக்கோசு இதழால் முகந்து ஊற்றிக்கொள்ளலாம். முன்பின் அறியாதவர்கள் ஒரே பாத்திரத்தை நம்பிப் பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாடு, கோவிட் பெருந்தொற்றுக்குப் பிறகு பல கடைகளில் அழுத்திப் பிழியும் புட்டிகளுக்கு இடம்கொடுத்துவிட்டது. உண்டு முடித்த குச்சிகளைக் குவளையில் போட்டு வைத்து, அவற்றின் எண்ணிக்கையைக் கொண்டே கணக்குப் போடும் கடைகளும் உண்டு.

சுழலும் தட்டுகள்

சூஷி என்பது விலையுயர்ந்த உணவாகவே நீடித்திருக்கும் நிலையை மாற்றியதும் ஒசாகாப் பகுதிதான். இன்றைய ஹிகாஷி ஒசாகாவில் அடங்கும் ஃபுசே பகுதியில், சிறு தொழிற்கூடத் தொழிலாளர்களுக்காகச் சூஷிக் கடை நடத்திவந்த ஷிராய்ஷி யோஷியாகி, கூட்டத்தைச் சமாளிக்க ஆள் பற்றாமல் தவித்தார். பீர் ஆலை ஒன்றில் புட்டிகள் ஓடும் பட்டையில் நகர்ந்து செல்வதைக் கண்ட அவர், அதே முறையைச் சூஷித் தட்டுகளுக்குப் பொருத்தும் முயற்சியில் ஆண்டுகள் சிலவற்றைச் செலவிட்டு, 1958இல் கென்ரோகு சூஷி என்ற பெயரில் உலகின் முதல் சுழல்பட்டைச் சூஷிக் கடையைத் திறந்தார். நொடிக்கு ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் என்ற வேகம் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதைவிட விரைந்தால் தட்டை எடுப்பது கடினம், தாமதித்தால் வாடிக்கையாளர் பொறுமையிழப்பார். 1970இல் ஒசாகாவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்கு 6 கோடிக்கும் மேற்பட்டோர் வந்தபோது, அங்கே அமைக்கப்பட்ட கடை இம்முறையை நாடறியச் செய்தது. ஷிராய்ஷி தம் கடையைத் திறந்த அதே 1958இல், ஒசாகாவை அடுத்த இகேடாவில் ஆண்டோ மொமோஃபுகு உலகின் முதல் உடனடி நூடுல்ஸை உருவாக்கினார் என்பதும், குறைந்த செலவில் விரைந்து உண்ணும் வழியைத் தேடுவதில் இப்பகுதிக்கு இருந்த ஆர்வத்தைக் காட்டும்.

இப்போது பெரிய சங்கிலிக் கடைகளில் பொதுப் பட்டையிலிருந்து எடுப்பதைவிட, தொடுதிரையில் கேட்டுத் தனித் தடத்தில் பெறுவதே மிகுந்துவிட்டது. தொடுதிரையில் ஆங்கிலமும் இருப்பதால் வெளிநாட்டுத் தம்பதியர் தயங்காமல் நுழையக்கூடிய இடம் இது. ஒரு தட்டில் பெரும்பாலும் இரண்டு துண்டுகள் இருக்கும் என்பதால், ஆளுக்கொன்றாகப் பகிர்ந்து, இரு மடங்கு வகைகளைச் சுவைத்துப் பார்க்கலாம். மேசையில் உள்ள குழாயில் வெந்நீர் பிடித்து, தூளாக வைக்கப்பட்டிருக்கும் பச்சைத் தேயிலையைக் கலந்து குடிக்க விலை ஏதும் இல்லை.

பகிர்வதற்கும் பணம் கொடுப்பதற்கும் உரிய முறைகள்

இருவர் உணவைப் பகிரும்போது கவனிக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒருவரின் உண்குச்சியிலிருந்து மற்றொருவரின் உண்குச்சிக்கு உணவை நேரே மாற்றக் கூடாது. எரியூட்டிய பின் உறவினர் இருவர் எலும்புகளைக் குச்சிகளால் எடுத்துக் கலசத்தில் இடும் ஈமச்சடங்கை அச்செயல் நினைவூட்டும். சோற்றில் உண்குச்சியை நட்டு வைப்பதும், இறந்தவருக்குப் படைக்கும் சோற்றை ஒத்திருப்பதால் தவிர்க்கப்படுகிறது. பகிர்வதற்கென்று சிறு தட்டு கேட்டால் கடைக்காரர் தயங்காமல் கொடுப்பார். நூடுல்ஸை ஒலியெழ உறிஞ்சுவது குற்றமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் நூடுல்ஸ் கடை போன்ற ஒருவருக்கு ஒரு கிண்ணம் என்ற அடிப்படையில் இயங்கும் இடத்தில், இரண்டு இருக்கையை எடுத்துக்கொண்டு ஒரே கிண்ணத்தைக் கேட்பது கடைக்காரருக்குத் தொல்லை. அவர் விற்பது உணவோடு சேர்த்து அந்த இருக்கையின் சில நிமிடங்களையும்தான்.

மாலையில் திறக்கும் இசகாயா என்னும் குடியும் சிற்றுணவும் கூடிய கடைகளில் இக்கணக்கு வேறு வடிவம் எடுக்கிறது. அமர்ந்தவுடன் முதலில் பானம் கேட்பது வழக்கம். அதனுடன், கேட்காமலேயே ஒரு சிறு கிண்ணத்தில் கறியோ ஊறுகாயோ வரும். நாட்டின் பல பகுதிகளில் ஒட்டோஷி என்றும் ஒசாகா வட்டாரத்தில் ட்சுகிடாஷி என்றும் சொல்லப்படும் இதற்கு ஆளுக்குச் சில நூறு யென் கணக்கில் சேரும். ஏமாற்று என்று இதை நினைப்பவர் உண்டு. உண்மையில் அது இருக்கைக்கான கட்டணம். ஜப்பானில் அன்பளிப்புப் பணம் கொடுக்கும் பழக்கம் இல்லாததால், வைத்துவிட்டு வந்த சில்லறையை மறந்துபோனதாக எண்ணிக் கடைக்காரர் பின்னால் ஓடிவந்து கொடுப்பதும் நிகழக்கூடும். 2019 அக்டோபர் முதல், கடையில் அமர்ந்து உண்டால் 10 விழுக்காடும், அதே உணவைக் கட்டி எடுத்துச் சென்றால் 8 விழுக்காடும் நுகர்வு வரி விதிக்கப்படுகிறது. சிறு கடைகள் பல இன்றும் ரொக்கம் மட்டுமே பெறுவதால், தாள்களும் நாணயங்களும் கையில் இருப்பது நல்லது.

சைவ உணவினருக்கு

இந்தியாவிலிருந்து செல்லும் சைவ உணவினருக்கு ஒசாகா எளிய நகரம் அல்ல. இடர்ப்பாடு கண்ணுக்குத் தெரியும் இறைச்சியைவிட, கண்ணுக்குத் தெரியாத டாஷியில்தான் அதிகம். டோஃபு மட்டுமே மிதக்கும் கிட்சுனே உடோனின் சாற்றிலும், இறைச்சி வேண்டாமென்று சொல்லிப் பெற்ற ஒகோனோமியாகியின் மாவிலும், வேகவைத்த காய்கறியிலும், மிசோ சூப்பிலும் மீன் சாறு கலந்திருப்பது வழக்கம். மேலே தூவப்பட்டு வெப்பத்தில் நெளியும் மெல்லிய சீவல்கள் கட்சுவோபுஷியே. குஷிகாட்சுக் கடையில் தாமரைக் கிழங்கும் கத்தரியும் வெங்காயமும் கிடைத்தாலும், மாவில் முட்டையும், எண்ணெயில் விலங்குக் கொழுப்பும் இருக்கக்கூடும். சுழல் சூஷிக் கடையில் வெள்ளரித் துண்டு வைத்துச் சுருட்டிய கப்பா மாக்கியும், புளிக்கவைத்த சோயா பயறு வைத்த நாட்டோ மாக்கியும் ஓரளவு கைகொடுக்கும். நாட்டோவுடன் வரும் சாஸில் மட்டும் மீன் சாறு இருக்க வாய்ப்புண்டு. இறைச்சி வேண்டாம் என்று பொதுவாகச் சொல்வதைவிட, மீன் சாறும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் காட்டுவதே பயன் தரும். ஆனால் அடிச்சாற்றைக் காலையிலேயே காய்ச்சி வைத்துவிடும் சிறு கடையால் ஒருவருக்காக அதை மாற்ற முடியாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். கட்டுப்பாடு இறுக்கமானவர்கள், நகரில் இயங்கும் சைவ உணவகங்களையும் இந்திய உணவகங்களையும் முன்னரே தேடி வைத்துக்கொள்வது நலம்.

இணையர் உண்ட இடங்கள்

எளிய கடைகளைத் தேடி இருவர் அலைவதை ஜப்பானிய இலக்கியத்தில் நிலைபெறச் செய்த எழுத்தாளர், 1913இல் ஒசாகாவில் பிறந்து 1947இல் மறைந்த ஓடா சாகுனோசுகே. 1940இல் வெளிவந்த அவருடைய மெயோட்டோ ஜென்சாய் என்ற கதையில், மலிவான டெம்புரா விற்பவரின் மகளாகப் பிறந்து கெய்ஷாவான சோகோவும், ஏற்கெனவே மணமாகி, செல்வந்த வணிகக் குடும்பத்தால் ஒதுக்கப்பட்ட ர்யூகிச்சியும் சேர்ந்து வாழத் துணிகிறார்கள். ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கும் சிறு தொழில்கள் தோற்கின்றன. கையில் உள்ள பணம் கரைகிறது. ஆயினும் பெரிய உணவகங்களைவிடத் தெருவோரக் கடைகளில்தான் உண்மையான சுவை இருக்கிறது என்று நம்பும் ர்யூகிச்சி அவளைக் கடைகடையாக அழைத்துச் செல்கிறான். அக்கதையில் வரும் ஜியூகென் என்ற கடை 1910இல் தொடங்கப்பட்டு இன்றும் நாம்பா பகுதியில் இயங்குகிறது. அங்கே கறிக்குழம்பைச் சோற்றோடு முன்பே பிசைந்து, நடுவில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக் கொடுக்கிறார்கள். சோற்றைச் சூடாக வைத்திருக்கும் கருவிகள் இல்லாத காலத்தில், ஆறிய சோற்றைக் கொதிக்கும் குழம்பில் கலந்து சூடாகப் பரிமாறுவதற்குக் கண்ட வழி அது.

கதைக்குப் பெயர் கொடுத்த இனிப்பு, ஹோசென்ஜி கோயிலை ஒட்டிய சந்தில் இன்றும் கிடைக்கிறது. ஜென்சாய் என்பது அசுகி என்னும் சிறு சிவப்புப் பயற்றைச் சர்க்கரையுடன் கொதிக்கவைத்து, அரிசி மாவு உருண்டை சேர்த்த இனிப்புக் கஞ்சி. ஒருவர் கேட்டாலும் அதை இரண்டு சிறு கிண்ணங்களில் பிரித்து வைத்து, நாக்கின் தித்திப்பை மாற்ற உப்பிட்ட கொம்புத் துண்டுடன் தருவது கடையின் வழக்கம். ஒரு பெரிய கிண்ணத்தைவிட இரண்டு சிறிய கிண்ணங்கள் நிறைவாகத் தோன்றும் என்பதே அதற்கு ர்யூகிச்சி சொல்லும் காரணம். வணிகனின் உத்தி, நாளடைவில் தம்பதியரின் ஒற்றுமைக்கு உகந்த உணவு என்ற நம்பிக்கையாக மாறி, இன்று இணையர் பலரை அங்கே வரவழைக்கிறது.

இதே வணிக அறிவுக்கு இன்னொரு சான்று, உமேடா ரயில் நிலையத்தில் 1929இல் திறக்கப்பட்ட ஹாங்கியூ பேரங்காடியின் உணவுக்கூடம். உலகப் பொருளாதார மந்தம் தாக்கிய அக்காலத்தில், கறிக்குழம்புச் சோறு வாங்க வழியற்றவர்கள் வெறும் சோற்றை மட்டும் கேட்டு, மேசையில் இருந்த வூஸ்டர் சாஸை அதன்மேல் ஊற்றி உண்டனர். பணியாளர்கள் முகம் சுளித்தபோது, நிறுவனர் கோபாயாஷி இச்சிசோ வெறுஞ்சோறு மட்டும் கேட்போரையும் வரவேற்பதாக அறிவித்தார். இன்று காசில்லாத இவ்விளைஞர்கள் நாளை மணமுடித்துக் குழந்தைகளோடு திரும்பி வருவார்கள் என்பது அவருடைய கணிப்பு. குறைந்த விலையில் உண்பவரும் முழு வாடிக்கையாளரே என்ற இப்பார்வை, ஒசாகாவின் எளிய கடைகளின் நடைமுறையில் இன்றும் காணக் கிடைக்கிறது.

சிறுமையைக் குறையாகக் கருதாமல் விரும்பிக் காத்துக்கொண்ட நகரம் இது என்பதற்கு ஹோசென்ஜி சந்தின் அண்மை வரலாறே சாட்சி. 2002இலும் 2003இலும் ஏற்பட்ட தீ விபத்துகளில் அங்குள்ள கடைகள் பல அழிந்தன. மீண்டும் கட்டும்போது முன்னுள்ள பாதை 4 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று கட்டடச் சட்டம் கூறியது. அப்படி அகலப்படுத்தினால் மூன்று மீட்டரும் இல்லாத அச்சந்து தன் இயல்பையும், சிறு கடைகள் தம் இடத்தையும் இழந்திருக்கும். பொதுமக்கள் கையெழுத்து இயக்கம் நடத்தி வற்புறுத்த, சந்தின் கட்டடங்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாகக் கருதித் தீப்பாதுகாப்பை உறுதிசெய்யும் சிறப்பு ஏற்பாட்டின் கீழ், பழைய அகலத்திலேயே கடைகள் மீண்டும் எழுந்தன. சுற்றுலாப் பயணிகள் பெருகிவரும் இக்காலத்தில், டோட்டோன்போரியின் முகப்புக் கடைகளில் விலையும் வரிசையும் நீண்டுகொண்டே போகின்றன. அங்கிருந்து சில தெருக்கள் விலகிச் சென்று, ஆங்கிலப் பட்டியல் இல்லாத கடையொன்றில் காலியாக இருக்கும் இரண்டு இருக்கைகளில் அமர்ந்து, அந்தக் கடையின் ஒழுங்குக்கு உட்பட்டு, கொடுத்ததை உண்டு, நேரத்தோடு எழுந்து அடுத்தவருக்கு இடம்விடும் தம்பதியர், ஒசாகாவின் உணவை அதற்குரிய விலையிலும் அதற்குரிய முறையிலும் பெறுகிறார்கள்.